ஒகையோ ஆறும் நீரின் தூய்மையை முன்னறியுங் கலையும்

ஆற்றங்கரையில் நகரமைத்து வாழும் மாந்தர்க்கு ஆறானது நீரும் வழியும் நல்குவதோடு, அவர்தங் கழிவையுஞ் சுமந்து செல்கின்றது. மேலுள்ள நகர் கழித்துவிட்டதைக் கீழுள்ள நகர் பருக நேர்கின்றது. இவ்விடரினின்றும் மீள்வதற்கு மனிதன் மேற்கொண்ட முயற்சியின் வரலாற்றை வட அமெரிக்காவின் ஒகையோ ஆற்றிலே தெளிவாகக் காணலாம்.

அலகெனி, மொனொங்ககீலா என்னும் ஈராறுகளும் பிற்ஸ்பேர்க் நகரிற் கூடுமிடத்திற் பிறக்கும் ஒகையோ, ஏறத்தாழ 981 மைல் ஓடி மிசிசிப்பியோடு கலக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலக்கரியும் உருக்கும் இதன் கரைகளை வளம்படுத்தின. ஆயின், தூய்மையாக்கப்படாத கழிவுநீர் ஆற்றில் விடப்பட்டமையால், நெருப்புக் காய்ச்சல் கரையோர நகரங்களை வாட்டியது. இந்நிலையில், 1913இல் ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை சின்சினாற்றி நகரில் ஆராய்ச்சி நிலையமொன்றை நிறுவிற்று.

ஆய்வாளர் கைக்கொண்ட முதன்மையான அளவுகளுள் ஒன்று, நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனாகும். அதனை அளக்கும் இரசாயன முறையை அங்கேரி நாட்டு விங்கிளர் 1888இல் வகுத்திருந்தார். கழிவைச் சிதைக்கும் பற்றீரியா ஒட்சிசனை உண்கின்றது. வளியோ அதனை நீருக்கு மீண்டும் வழங்குகின்றது. இவ்விரு செயல்களுக்கும் இடையிலான போட்டியை ஸ்ரீற்றர், பெல்ப்சு என்னும் இருவர் 1925இற் சமன்பாடாக அமைத்தனர். கழிவு கலந்த இடத்திலிருந்து எத்துணைத் தொலைவில் ஒட்சிசன் மிகக் குறையும், எங்கே ஆறு மீண்டுந் தேறும் என்பன அதனாற் கணிக்கத்தக்கனவாயின. இன்றைய நிலையைக் கூறும் அளவை, நாளைய நிலையைக் கூறுங் கணிப்பாக மாறியது இவ்விடத்திலேயாம்.

கணிப்பு மட்டும் ஆற்றைக் காக்கவல்லதன்று. ஆறு பல மாநிலங்களினூடாக ஓடுவதால், ஒரு மாநிலத்தின் சட்டம் மற்றொன்றிற் செல்லாது. 1948 யூன் 30இல் எட்டு மாநிலங்கள் ஓர் உடன்படிக்கை செய்து, ஒகையோ ஆற்றுப் பள்ளத்தாக்கு நீர்ச் சுகாதார ஆணைக்குழுவை அமைத்தன.

அடுத்த மாற்றம் கருவியிலே தோன்றியது. போத்தலில் நீரெடுத்து ஆய்வுகூடத்திற் சோதிப்பதற்குள் ஆற்றுநீர் நெடுந்தூரம் சென்றுவிடும். குருதியின் ஒட்சிசனை அளப்பதற்காக லீலண்ட் கிளாக் என்பார் ஆக்கி 1956இல் வெளியிட்ட மென்சவ்வு மின்வாய், பின்னர் ஆற்றாய்விற்கும் உதவியது. 1960களில் ஒகையோக் கரையிலே தாமே அளந்து அறிவிக்கும் மின்கருவிகள் நிறுவப்பட்டன.

எனினும், கருவி தனக்குக் கற்பிக்கப்பட்டதையே காணும். 1977இல் கனாவா என்னும் கிளையாற்றில் ஏறத்தாழ 70 தொன் காபன் நாற்குளோரைட்டு கலந்து ஒகையோவையடைந்து, சின்சினாற்றியின் குடிநீரிலும் புகுந்தது. ஒட்சிசனை அளக்குங் கருவி இந்நஞ்சை இனங்காணாது. ஆகவே, 1978 முதல் கரையோரக் குடிநீர் நிலையங்களில் வாயு நிறப்பிரிகைக் கருவிகளை வைத்துச் சேதனப் பொருள்களை நாடோறுந் தேடும் முறை தொடங்கப்பட்டது.

2014 சனவரி 9இல் நிகழ்ந்தது இவ்வரலாற்றின் இரு முகங்களையுங் காட்டுகின்றது. மேற்கு வேர்ஜீனியாவின் சாள்ஸ்ரன் நகரருகே, எல்க் ஆற்றங்கரையிலிருந்த தாங்கியொன்றினின்றும் நிலக்கரி கழுவப் பயன்படும் இரசாயனப் பொருள் ஏறத்தாழ 10,000 கலன் கசிந்தது. குடிநீர் எடுக்கும் வாயில் அண்மையிலேயே இருந்தது. கசிவை முதலில் உணர்த்தியது கருவியன்று. காற்றிற் பரந்த அதிமதுர மணத்தை முறையிட்ட ஊர்மக்களே. ஏறத்தாழ 3 இலட்சம் பேர் குழாய்நீரைத் தீண்டலாகாதென எச்சரிக்கப்பட்டனர். ஆனால், கீழே நெடுந்தொலைவிலிருந்த சின்சினாற்றிக்கோ நாட்கள் இருந்தன. நஞ்சு வந்தடையும் வேளை கணிக்கப்பட்டது. மாதிரிகள் தொடர்ந்து சோதிக்கப்பட்டன. நஞ்சு வருமுன் நீர்வாயில்கள் மூடப்பட்டு, சேமித்த நீர் வழங்கப்பட்டது. நஞ்சு நகரைக் கடந்து சென்றது.

ஒரே நஞ்சு ஓரூரைத் தாக்கிற்று, மற்றோரூர் தப்பிற்று. இடையில் நின்றது காலம் ஒன்றே. உணர்கருவியுங் கணிப்பும் நீரைத் தூய்தாக்குவனவல்ல. தீங்கு வருமுன் விழித்தெழுதற்குரிய காலத்தையே அவை ஈட்டித் தருகின்றன. அக்காலமும் மேலுள்ளோர் உண்மையை உடனே உரைத்தாலன்றிக் கிடைப்பதில்லை. கீழுள்ளோர் உயிர் மேலுள்ளோரின் நேர்மையிற் றங்கியுள்ளது என்பதே ஒகையோ புகட்டும் பாடமாகும்.