வெப்பத்தை எதில் வைப்பது? மொஹாவே பாலைவன மின்நிலையங்களின் வரலாறு

கலிபோர்னியா–நெவாடா எல்லையோரம், மொஹாவே பாலைவனத்தில் இவான்பா மின்நிலையம் 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்டபோது, சூரிய வெப்பத்தில் இயங்கும் மின்நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று கொண்டாடப்பட்டது. சுமார் 140 மீட்டர் உயரத்தில் மூன்று கோபுரங்கள். அவற்றைச் சுற்றி, சூரியனின் போக்குக்கேற்பத் திரும்பி, கோபுர உச்சியில் ஒளியைக் குவிக்கும் 1,73,500 ஹீலியோஸ்டாட்டுகள் என்ற கண்ணாடி அமைப்புகள். திறன் 392 மெகாவாட். செலவு 220 கோடி டாலர். அதில் 160 கோடிக்கு அமெரிக்க அரசின் கடன் உத்தரவாதம். பதினோரு ஆண்டு நிறைவதற்குள், 2025 ஜனவரியில், இரண்டு அலகுகளின் மின்சாரத்தை வாங்கிவந்த பிஜி அண்ட் இ நிறுவனம் ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது.

சோலார் பேனல் மலிந்ததே காரணம் என்பது வழக்கமான விளக்கம். சரிதான், ஆனால் பாதிதான். வெயிலை ஓரிடத்தில் குவிக்கும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கைகூடிவிட்டது. குவித்த வெப்பத்தைப் பொழுது சாய்ந்த பிறகும் வைத்துக் காப்பது எப்படி என்ற கேள்விதான் இந்தத் தொழில்நுட்பத்தின் போக்கைத் தீர்மானித்தது. அதற்கு மொஹாவேயிலேயே ஒரு விடை கிடைத்திருந்தும், இவான்பா அதைக் கைக்கொள்ளாமல் எழுந்தது.

கோபுர வகை நிலையத்தின் மூதாதையை நம் நாட்டிலேயே காணலாம். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் துணைப் பதிவாளராக இருந்த வில்லியம் ஆடம்ஸ், தட்டையான கண்ணாடிகளை அரைவட்டமாக அடுக்கி, நடுவில் நிலையாக நின்ற கொதிகலன் மீது வெயிலை விழச் செய்தார். இரண்டரைக் குதிரைத்திறன் நீராவி பம்பு ஒன்று அதில் ஓடியது. விறகும் நிலக்கரியும் விலையேறும் வெப்ப நாடுகளுக்கு இதுவே மாற்று என்று 1878-இல் அவர் ஒரு நூலும் வெளியிட்டார். பிலடெல்பியாவைச் சேர்ந்த பிராங்க் ஷூமன் வேறு வழியில் போனார். கெய்ரோவுக்குத் தெற்கே மாடி என்ற ஊரில், 1913-இல், வெயிலை ஒரு குழாயின் மீது குவிக்கும், ஒவ்வொன்றும் 62 மீட்டர் நீளமுள்ள ஐந்து பரவளையக் கண்ணாடித் தொட்டிகளை நிறுவி, நைல் நீரை வயலுக்கு இறைத்துக் காட்டினார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. 1918-இல் ஷூமனும் இறந்துபோனார். போருக்குப் பின் எண்ணெய் பெருகியது. சூரியனுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் அப்போது யாருக்கும் இருக்கவில்லை.

1973-இன் எண்ணெய் நெருக்கடிதான் அந்த அவசியத்தை உண்டாக்கியது. மொஹாவேயில், பார்ஸ்டோவுக்கு அருகே, 1982-இல் சோலார் ஒன் என்ற கோபுர நிலையம் இயங்கத் தொடங்கியது: 10 மெகாவாட், 1,818 ஹீலியோஸ்டாட்டுகள், கோபுரத்திலேயே நேரடியாக நீராவி. வெப்பத்தை வைக்க எண்ணெயும் பாறையும் மணலும் நிரப்பிய ஒரு தொட்டி இருந்தது. 1986-இல் அது தீப்பிடித்தது. ஏறக்குறைய அதே காலத்தில், ஆர்னல்ட் கோல்ட்மனின் லூஸ் நிறுவனம் பரவளையத் தொட்டி வகையில் எஸ்.ஈ.ஜி.எஸ். (SEGS) வரிசை நிலையங்களைக் கட்டிக்கொண்டிருந்தது. 1984-க்கும் 1990-க்கும் இடையே ஒன்பது நிலையங்கள், மொத்தம் 354 மெகாவாட். முதல் நிலையத்தில் மூன்று மணி நேரத்துக்கான வெப்பத்தைக் கனிம எண்ணெயில் தேக்கினார்கள். வெப்பநிலையை உயர்த்தினால் டர்பைனின் திறன் கூடும். ஆனால் அந்த வெப்பத்தைத் தாங்கும் செயற்கை எண்ணெயைத் தொட்டி தொட்டியாக வாங்கி வைக்கக் கட்டுப்படியாகாது. அதனால் அடுத்தடுத்த நிலையங்களில் சேமிப்பைக் கைவிட்டு, வெயில் போதாத நேரத்துக்கு இயற்கை எரிவாயுவை நம்பினார்கள். எரிவாயு விலை சரிந்து வரிச் சலுகையும் நிச்சயமற்றுப்போனபோது, 1991-இல் லூஸ் திவாலானது. அந்த முதல் நிலையத்தின் எண்ணெய்த் தொட்டியும் 1999-இல் எரிந்துபோனது.

எரியாத பொருள் ஒன்று வேண்டியிருந்தது. சோலார் ஒன்னைத் திருத்தியமைத்து 1996 முதல் 1999 வரை நடத்தப்பட்ட சோலார் டூ, உரமாகவும் பயன்படும் இரண்டு உப்புகளில் அதைக் கண்டது: சோடியம் நைட்ரேட் 60 பங்கு, பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு, 40 பங்கு. உருகிய உப்பு 290 டிகிரி செல்சியஸில் கோபுரம் ஏறி, 565 டிகிரியில் இறங்கி, சூடான தொட்டியில் தங்கும். மின்சாரம் தேவைப்படும்போது அதைக் கொண்டு நீராவி உண்டாக்கலாம். எண்ணெயைப் போல் தீப்பற்றாது, விலையும் குறைவு. ஆனால் வெப்பம் 220 டிகிரிக்கு இறங்கினால் குழாய்க்குள்ளேயே கல்லாக இறுகிவிடும். அதனால் குழாய் நெடுக மின்சூடேற்றி சுற்ற வேண்டும். சூரியன் மறைந்ததும் கோபுரத்தின் உச்சியிலுள்ள ஏற்பியிலிருந்து உப்பைச் சொட்டுவிடாமல் கீழே வடிக்க வேண்டும். மறுநாள் காலை, காலியான ஏற்பியைக் கண்ணாடி ஒளியால் பதமாகச் சூடாக்கிய பிறகே மீண்டும் உப்பை ஏற்ற வேண்டும். சோலார் டூ தந்த மின்சாரத்தைவிட, இந்த அன்றாடப் பக்குவத்தைக் கற்றதே அதன் பெரிய பலன் என்பேன்.

இந்தப் பாடத்தை முதலில் வணிகமாக்கியது ஸ்பெயின். செவில் அருகே 2011-இல் தொடங்கிய ஜெமாசோலார் 20 மெகாவாட்டுக்கும் சற்றுக் குறைந்ததுதான். 15 மணி நேரச் சேமிப்பால் இரவு முழுவதும் ஓடிக் காட்டியது.

இவான்பாவோ நேரடி நீராவிக்கே திரும்பியது. அதை உருவாக்கிய பிரைட்சோர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவரும் லூஸின் கோல்ட்மனே என்பது கவனிக்கத்தக்கது. அன்றைய கணக்கில் பிழை காண்பது கடினம். கோடை மதியத்தில் ஏசிகள் ஓடும்போதுதான் கலிபோர்னியாவில் மின்தேவை ஏறியது. அந்நேரத்துக்குச் சேமிப்பு எதற்கு? ஆனால் திட்டம் அனுமதிக்கு அலைந்து, பாலைவன ஆமைகளை இடம் மாற்றி, கோபுரம் எழுப்பி முடிப்பதற்குள் பேனல் விலை விழுந்துவிட்டது. கலிபோர்னியாவிலேயே, பிளைத்தில் திட்டமிடப்பட்ட 1,000 மெகாவாட் வெப்ப நிலையத்தைப் பேனலுக்கு மாற்ற அதன் உரிமையாளர்களே 2011-இல் முடிவுசெய்தார்கள். பேனல்கள் பகல் மின்சாரத்தை மலிவாக்க, மின்சாரத்துக்குக் கிராக்கியான நேரம் மாலைக்கு நகர்ந்தது. அந்த மாலையில் கொடுக்க இவான்பாவிடம் எதுவும் இல்லை. காலையில் கொதிகலனைச் சூடேற்றவும் அது எரிவாயுவை எரித்தது. 2016 மே மாதம், திசை பிசகிய கண்ணாடிகள் மூன்றாம் கோபுரத்தையே சுட்டு, கேபிள்களைக் கருக்கின.

உப்பை நம்பியவர்கள் எல்லோரும் தப்பிவிடவில்லை. நெவாடாவின் டோனோபா அருகே 110 மெகாவாட் கிரசென்ட் டியூன்ஸ், 10 மணி நேரச் சேமிப்புடன் 2015-இல் வந்தது. சூடான உப்புத் தொட்டி கசிந்து 2016 அக்டோபரில் நின்று, மாதக்கணக்கில் முடங்கியது. 2019-இல் வாங்குபவர் விலக, 2020-இல் அதை நடத்திய நிறுவனம் திவால் மனு போட்டது. வெப்பத்தில் விரிந்து சுருங்கும் பிரம்மாண்டத் தொட்டியின் அடித்தளம், கோபுரத்தைவிடக் கடினமான பொறியியல் என்று அப்போது புரிந்தது. இந்தியாவிலோ, ராஜஸ்தானின் நோக், துர்சார் ஆகிய ஊர்களில் எழுந்த நிலையங்களில் சேமிப்பே இல்லை. 2010-இல் தொடங்கிய தேசிய சூரிய இயக்கத்தின் முதற்கட்டத்தில் ஒதுக்கப்பட்ட வெப்ப நிலையங்களில் பெரும்பாலானவை கட்டப்படவும் இல்லை. கண்ணாடியால் நேர்க்கதிரை மட்டுமே குவிக்க முடியும். தூசும் மங்கலும் கலந்த வானத்தில் பேனல் தாக்குப்பிடிக்கும், கண்ணாடி தடுமாறும்.

சேமிப்பை நீட்டிக்கொண்டே போனவர்களும் உண்டு. மொராக்கோவின் வர்சாசாத்தில் நூர் வளாகம் 2016-இல் மூன்று மணி நேரச் சேமிப்புடன் தொடங்கி, அடுத்த கட்டங்களில் ஏழு மணி நேரத்துக்கு நகர்ந்தது. துபாயின் நூர் எனர்ஜி 1 இன்னும் ஒருபடி மேலே போய், பேனலோடு போட்டியிடாமல் அதையே துணைக்குச் சேர்த்துக்கொண்டது. அங்கே 250 மெகாவாட் பேனல் பகலைப் பார்த்துக்கொள்ள, 700 மெகாவாட் வெப்ப நிலையம் உப்பில் தேக்கியதை இரவில் கொடுக்கிறது. அதன் வெப்ப மின்சாரத்துக்கு 2017-இல் ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7.3 அமெரிக்க சென்ட்.