ஸ்டீயரிங்கில் ஒட்டிய ஸ்பேனர்

1966 ஜூன் 12. பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத் தடத்தில் முதல் சுற்று முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மாஸ்டா வளைவில் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் வழுக்கி, சாலையை விட்டுப் பாய்ந்து, ஒரு பண்ணைக் கட்டடத்தருகே நசுங்கி நின்றது. வளைந்த ஸ்டீயரிங் அவருடைய காலை நகர விடவில்லை. உடைந்த டேங்கிலிருந்து கொட்டிய பெட்ரோலில் உடம்பெல்லாம் நனைந்து கிடந்தார். ஒரு பொறி பட்டிருந்தால் போதும்.

அவரைக் காப்பாற்ற ஓடி வந்தவர்கள் மீட்புப் படையினர் அல்ல. அதே மழையில் அதே இடத்தில் சறுக்கிய சக வீரர்களான கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும்தான். ஸ்டீயரிங்கைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். பந்தயம் பார்க்க வந்திருந்த ஒருவரிடம் கேட்டு வாங்கினார்கள். ஸ்டூவர்ட்டை வெளியே எடுக்க 25 நிமிடம் ஆயிற்று. சிகரெட் துண்டுகள் சிதறிக் கிடந்த தரையில், ஸ்ட்ரெச்சரோடு அவரைக் கிடத்தினார்கள். லியேஜ் நகர மருத்துவமனைக்குக் கிளம்பிய ஆம்புலன்ஸ் வழி தவறிப் போனது.

அதன்பின் ஸ்டூவர்ட் தன் காரின் ஸ்டீயரிங்கில் ஒரு ஸ்பேனரை டேப் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டார். சீட் பெல்ட், முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட், தடுப்பு வேலி, தகுதியான மருத்துவர் என்று கேட்கத் தொடங்கினார். கோழை என்று ஏசினார்கள். சாவு பந்தயத்தின் ஒரு பகுதி என்றே அன்று பலர் நம்பினார்கள். 1955இல் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 80 பேருக்கு மேல் இறந்த அன்றுகூடப் பந்தயம் நிற்காமல் நடந்தது.

1973 ஜூலை 29, நெதர்லாந்தின் ஸாண்ட்வூர்ட். ரோஜர் வில்லியம்சனுக்கு அது இரண்டாவது ஃபார்முலா ஒன் பந்தயம்தான். கார் தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது. உள்ளே அவர் உயிரோடிருந்தார். பின்னால் வந்த டேவிட் பர்லி தன் காரை நிறுத்திவிட்டுத் தடத்தின் குறுக்கே ஓடி, எரியும் காரைத் தனியாளாகத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. தீயணைப்புக் கருவியைப் பிடுங்கி அடித்தார்; அதுவும் போதவில்லை. பக்கத்தில் நின்ற தடப் பணியாளர்களிடம் தீயைத் தாங்கும் உடை இல்லை. மற்ற கார்கள் கடந்து போய்க்கொண்டே இருந்தன. வேகத்தால் அல்ல, உதவி வராததால்தான் வில்லியம்சன் இறந்தார். பர்லியின் துணிச்சலுக்குப் பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது.

1978இல் இத்தாலியின் மோன்ஸா. பந்தயம் தொடங்கியதுமே நடந்த மோதலில் ரோனி பீட்டர்சனின் கார் எரிந்தது. அவரை இழுத்துப் போட்டவர்களும் சக வீரர்களே. பந்தய மருத்துவர் சிட் வாட்கின்ஸைப் போலீஸ் வளையம் அருகே விடவில்லை. ஆம்புலன்ஸும் தாமதமாகவே வந்தது. மறுநாள் பீட்டர்சன் இறந்தார். வாட்கின்ஸ் விடவில்லை. முதல் சுற்றில் கார்களுக்குப் பின்னாலேயே மருத்துவருடன் ஒரு கார் ஓட வேண்டும் என்று வாதாடி, அடுத்த பந்தயத்திலேயே அதை நடத்திக் காட்டினார்.

1994இல் இமோலா தடத்தில் சனிக்கிழமை ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்தார், ஞாயிற்றுக்கிழமை அயர்டன் சென்னா. உலகமே அதிர்ந்தது சென்னாவுக்காகத்தான். ஆனால் சென்னாவின் காரில் ஓர் ஆஸ்திரியக் கொடி இருந்தது. முந்தைய நாள் இறந்த ராட்சன்பெர்கருக்காக அவர் எடுத்து வைத்திருந்தது. அந்த வார இறுதிக்குப் பிறகு தடங்களும் கார்களும் மாற்றி அமைக்கப்பட்டன. மோதலில் கழுத்து முறியாமல் தலையைப் பிடித்துக்கொள்ளும் ஹான்ஸ் கருவி 2003இல் கட்டாயமானது.

2009இல், 1964ஆம் ஆண்டின் உலகச் சாம்பியன் ஜான் சர்டீஸின் மகன் ஹென்றி, வேறொரு காரிலிருந்து கழன்று வந்த சக்கரம் தலையில் மோதி இறந்தான். வயது 18. ஓட்டுநரின் தலையைச் சுற்றி நிற்கும் ஹேலோ என்ற டைட்டானியம் வளையம் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தது 2018இல். காரின் அழகைக் கெடுக்கிறது என்று அதற்கும் எதிர்ப்பு இருந்தது. எதிர்த்தவர்களில் பந்தய வீரர் ரொமேன் குரோஷானும் ஒருவர்.

2020 நவம்பர் 29, பஹ்ரைன். முதல் சுற்றிலேயே குரோஷானின் கார் இரும்புத் தடுப்பைக் கிழித்து நுழைந்து, இரண்டாகப் பிளந்து எரிந்தது. தடுப்பின் தகடு தலையைத் தொடாமல் ஹேலோ ஒதுக்கித் தள்ளியது. 28 நொடி நெருப்புக்குள் இருந்துவிட்டு அவர் தானே எழுந்து வெளியே வந்தார். அவரைத் தாங்கிப் பிடிக்க மருத்துவர் அங்கே நின்றுகொண்டிருந்தார், வாட்கின்ஸ் வாதாடி வாங்கிய அதே ஏற்பாட்டின்படி முதல் சுற்றில் பின்னால் ஓடி வந்த காரிலிருந்து இறங்கி. கைகளில் தீக்காயத்தோடு குரோஷான் மூன்று நாள் கழித்து மருத்துவமனையை விட்டு வந்தார்.