வல்லாள மகாராஜனுக்கு வாய்த்த கதை

திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலில் ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் அடுத்து எழுந்து நிற்பது வல்லாள மகாராஜா கோபுரம். பெயருக்கு உரியவர் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர். 1311-இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை அவருடைய தலைநகர் துவாரசமுத்திரத்தைச் சூறையாடியது. பின்னாளில் வல்லாளர் திருவண்ணாமலையில் இருந்தே அரசாண்டார். 1342-இல் மதுரை சுல்தானோடு கண்ணனூரில் போர். தள்ளாத வயதில் பிடிபட்ட மன்னரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அதைத் தன் கண்ணால் பார்த்ததாகவே பயணி இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார்.

இந்த முடிவை ஊர் எப்படிச் சொல்லும்?

இன்று மாயப் புனைவு எழுத உட்காருகிறவர்கள் பலர் ஜோசப் கேம்பல் 1949-இல் வகுத்த நாயகப் பயணத்தை எலும்புக்கூடாக எடுத்துக்கொள்கிறார்கள். நாயகன் வீட்டைவிட்டுப் புறப்படுவான், சோதனைகளைக் கடப்பான், வரத்தோடு திரும்புவான். வல்லாளர் திரும்பவே இல்லை. அந்த அளவுச் சட்டை அவருக்குச் சேராது.

அருணாசல புராணம் பாடிய சைவ எல்லப்ப நாவலர் போரின் பக்கமே போகாமல் வேறு வழி பிடித்தார். அவருடைய வல்லாளன் பிள்ளையில்லாத அரசன். கேட்டவர்க்கு இல்லை என்னாத கொடையாளி. சிவன் சங்கமராக, அதாவது சிவனடியாராக, வந்து தாசி ஒருத்தியைக் கேட்கிறார். அன்றைக்கு ஊரில் ஒருத்திகூட ஓய்வாக இல்லை. வாக்கு தவறக் கூடாதென்று இளைய அரசி சல்லமா தேவியே அறைக்குள் போகிறாள். அவள் தொட்டதும் சங்கமர் குழந்தையாகிவிடுகிறார். அரசன் ஓடி வந்து அள்ளுகிறான்; குழந்தை மறைகிறது. இறுதிக்கடனை நானே செய்வேன் என்று இறைவன் வாக்களிக்கிறார்.

கொடையாளியைச் சோதிக்கும் இந்த அமைப்பு பெரிய புராணத்திலேயே இருக்கிறது. இயற்பகையார் மனைவியைக் கொடுத்தார். சிறுத்தொண்டர் மகனையே கறி சமைத்துப் படைத்தார். கேட்ட அடியார் கடவுள் என்பது முடிவில்தான் தெரியும். வல்லாளன் கதையில் அந்தச் சோதனை ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து தருகிறது. கதையின் உயிர் அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது.

சரித்திரத்தில் வல்லாளருக்கு மகன் உண்டு. விருபாட்ச வல்லாளன் என்ற அந்த மகன் தந்தைக்குப் பின் முடிசூடியதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அவனை வைத்துக்கொண்டால் கடவுள் பிள்ளையாக வர இடமே இல்லை. மதிலில் தொங்கிய உடலுக்கு முறையான கடன் நடந்திருக்குமா என்ற வேதனைதான் இந்தக் கதையைப் பிள்ளைக்கடனில் கொண்டுபோய் நிறுத்தியது என்று எண்ணத் தோன்றுகிறது. ஆதாரம் காட்டி நிறுவ முடியாத ஊகம்தான். ஆனால் மகன் இருந்த அரசனை மலடாக்கிய துணிச்சலுக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் தென்படவில்லை.

கதையின் கடைசிப் பகுதியை ஏட்டில் முடிக்காமல் ஊரே எடுத்து நடத்துகிறது. தைப்பூசத்தன்று ஈசானியக் குளத்தில் தீர்த்தவாரி முடிந்ததும் மன்னன் இறந்த சேதி அண்ணாமலையாருக்குச் சொல்லப்படுகிறது. மேளதாளம் இல்லாமல் சுவாமி கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளி, மகன் முறையில் வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார்.