‘யே யே’ப் பாட்டும் மக்கள் உவகையும்

மலாய்ப் பாட்டுலகில் 1960-களின் நடுப்பகுதி தொடங்கி 1970-களின் தொடக்கம் வரையுள்ள காலத்தை ‘பாப் யே யே’ காலம் என்று இன்றும் வழங்குகின்றனர். ஒரு காலத்துக்கு அரசர் பெயரை இடுவதுண்டு. புலவர் பெயரை இடுவதுண்டு. போரின் பெயரை இடுவதும் உண்டு. பொருளற்றதுபோல் தோன்றும் ஓர் அசையின் பெயரை இடுவது அரிது. அவ்வசை எங்கிருந்து வந்தது, அதனை விரும்பினோர் யாது செய்தனர், விரும்பாதோர் ஏன் சினந்தனர் என்பன ஆராயத் தக்கன. விளையாட்டுப் பாட்டுக்கு வரலாறு எதற்கு என்று கேட்பாரும் இருக்கலாம். அவ்விளையாட்டின் பொருட்டுச் சிறை சென்றவரும் உளர் என்பதை அறிந்தபின் அவர் அவ்வாறு கேளார்.

பாட்டின் பிறப்பு

இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரத்து இளைஞர் நால்வர் அமைத்த இசைக்குழு பீட்டில்ஸ். அக்குழுவின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘ஷீ லவ்ஸ் யூ’ என்னும் பாட்டை இயற்றினர். ஜூலை 1-ஆம் நாள் இலண்டனில் ஒலிப்பதிவு நடந்தது. ஆகஸ்ட் 23-ஆம் நாள் இசைத்தட்டு வெளிவந்தது. அவர்கள் நாட்டில் அக்குழுவின் இசைத்தட்டுகளுள் மிகுதியாக விற்றது இதுவே.

பாட்டின் பொருள் எளியது. காதலியைப் பிணங்கிப் பிரிந்த ஒருவனிடம் அவன் நண்பன் வந்து, அவள் உள்ளம் இன்னும் உன்பால்தான் உளது என்று கூறுகிறான். அகத்திணை பயின்ற தமிழர்க்கு இது புதிதன்று. பாங்கன் கூற்று என்று உடனே கூறிவிடுவர். ஆனால் உலகம் பற்றிக்கொண்டது பாங்கன் கூற்றையன்று. அதன் இறுதியில் மும்முறை அடுக்கி வந்த ‘யே’ என்னும் அசையையே. ஆங்கிலத்தில் ‘ஆம்’ என்பதற்குரிய சொல்லின் கொச்சை வடிவம் அது. பாட்டை முதலிற் கேட்ட மெக்கார்ட்னியின் தந்தையார், அமெரிக்கக் கொச்சை நாட்டில் மலிந்துவிட்டது, திருத்தமான சொல்லையே பாடலாகாதா என்று வினவினாராம். மகனே பிற்காலத்தில் சொன்ன செய்தி இது. ஆகவே அப்பாட்டுக்கு எழுந்த முதல் மறுப்பு, அது பிறந்த வீட்டிலேயே எழுந்தது எனலாம்.

பீட்டில்ஸ் குழுவினரே இவ்வசையைப் படைத்தனர் என்று கருதுவது பொருந்தாது. அமெரிக்கத் துள்ளிசையில் அது முன்பே வழங்கியது. 1963-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் பாரிஸ் நகரத்துச் சதுக்கம் ஒன்றில் இளைஞர் பெருந்திரளாகக் கூடி இசை கேட்டனர். அது குறித்து எட்கார் மொரேன் என்னும் சமூகவியல் அறிஞர் அடுத்த மாதமே ‘ல மோந்து’ நாளிதழில் எழுதியபோது, அவ்விளைஞர் இசைக்கு ‘யே யே’ என்ற பெயரை ஆண்டார். பீட்டில்ஸ் இசைத்தட்டு அப்போது வெளிவரவே இல்லை. எனவே அப்பாட்டை அசையின் தாய் என்பதினும், அதனை உலகெங்கும் கொண்டு சென்ற ஊர்தி என்பதே ஏற்புடைத்து.

மலாயாக் கரையில்

பீட்டில்ஸ் குழுவினர் 1964-இல் ஹாங்காங்கிலும் 1966-இல் தோக்கியோவிலும் மணிலாவிலும் பாடினர். மலேசியாவில் மேடை ஏறியதில்லை. நம் நாட்டு இளைஞர் அவர்களை அறிந்தது இசைத்தட்டாலும் வானொலியாலும் திரைப்படத்தாலுமே. ஆயினும் நிலம் முன்பே பண்பட்டிருந்தது. 1961-ஆம் ஆண்டு நவம்பரில் கிளிஃப் ரிச்சர்ட் என்னும் ஆங்கிலப் பாடகர் ‘ஷேடோஸ்’ குழுவினருடன் சிங்கப்பூருக்கு வந்து பாடினார். அது முதற்கொண்டு கம்பத்து இளைஞரிடையே மின் கித்தார் மோகம் பெருகியது.

முன்னணிக் கித்தார், தாளக் கித்தார், தாழ்சுரக் கித்தார், முரசு என்னும் நான்கும் கொண்ட குழுக்கள் பல தோன்றின. அவற்றுக்கு மலாய் மொழியில் ‘குகிரான்’ என்று பெயர் அமைந்தது. ‘கும்புலான் கித்தார் ரஞ்சாக்’, அதாவது துள்ளல் கித்தார்க் குழு, என்னும் தொடரின் முதலெழுத்துகளைக் கூட்டிச் செய்த சொல் அது. எம். ஓஸ்மான் 1964-இல் பாடிய ‘சுசானா’ இவ்வகையில் முதல் மலாய்ப் பாட்டாகக் கருதப்படுகிறது. பிறகு ஜெஃப்ரிடின், ஏ. ரஹ்மான் ஹசான், ஏ. ராம்லி முதலியோர் புகழ் பெற்றனர். 1967-இல் ‘ஆ கோ கோ 67’ என்ற மலாய்த் திரைப்படமே இக்குழுக்களைக் கூட்டி எடுக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அயல்நாட்டுப் பாட்டைக் கேட்ட நம்மவர் அதனை அப்படியே ஒப்பித்து நின்றுவிடவில்லை. தம் மொழியில், தம் ஊர்ப் பெண்ணின் பெயரிட்டு, தம் கம்பத்துக் காதலைப் பாடினர். ரசிகனாக இருந்தவன் ஓராண்டு கழியுமுன் பாடகனாக மாறினான். பாட்டுக்கு ரசிகர் தரும் மறுமொழிகளுள் இதனினும் சிறந்தது வேறில்லை.

கோலாலம்பூருக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள காஜாங் நகரை எண்ணிப் பாருங்கள். இரயில் பாதை ஓரத்து ஊர். சத்தேக்குப் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் இரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஊர். இன்று புத்ராஜெயா என்று பெயர் பெற்றுள்ள நிலம், 1921-இல் தோன்றிய பிராங் புசார் தோட்டமாக அதன் அருகே இருந்தது. இத்தகைய ஊரில் மலாய், சீனம், தமிழ் என்னும் மூன்றும் ஒரே தெருவில் ஒலிக்கும். சொற்பொருள் விளங்காத பாட்டையும் செவி கேட்டுப் பழகிவிடும். ஆங்கிலம் அறியாதவனும் ‘யே’ என்ற இடத்தில் உடன் சேர்ந்து பாடலாம். மொழிபெயர்ப்பு வேண்டாத ஒரே பகுதி அதுதான். எல்லார்க்கும் வாயில் திறந்து வைத்த பகுதியும் அதுதான்.

தொல்காப்பியர் வகுத்த நெறி

பொருளற்ற அசை என்று இதனை இகழ்வோர் தமிழிலக்கணத்தை ஒருமுறை நோக்குதல் நலம். இடைச்சொற்களை வகுத்த தொல்காப்பியர், இசைநிறைக்க வருவனவற்றுக்கும் அசைநிலையாய் நிற்பனவற்றுக்கும் இடம் கொடுத்தார். ஏகாரத்துக்கு அவர் கூறும் ஐந்து பொருள்களுள் தேற்றம் ஒன்று, ஈற்றசை ஒன்று. பீட்டில்ஸ் பாட்டின் ‘யே’ ஆங்கிலம் அறிந்தவர்க்குத் தேற்றம், அறியாதவர்க்கு ஈற்றசை. இதனால் லிவர்ப்பூல் இளைஞர் தொல்காப்பியம் கற்றனர் என்று நிறுவப் புறப்பட வேண்டா. அது நகைப்புக்கே இடமாகும். ஒலிக்குப் பாட்டில் தனி உரிமை உண்டு என்பதை நம் முன்னோர் மறுக்கவில்லை என்பதே நாம் கொள்ளத் தக்கது. நாற்றுநடவில் ‘தன்னானே’யும், படகோட்டில் ‘ஏலேலோ’வும், தொட்டிலில் ‘ஆராரோ’வும், கச்சேரி முடிவில் தில்லானாவும் ஒலிக்கக் கேட்டு வளர்ந்த இனம் நம் இனம்.

மெய்ப்பாட்டியலில் இன்னும் ஆழ்ந்த குறிப்பு ஒன்று உளது. உவகை பிறக்கும் நிலைக்களங்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு. நகை பிறக்கும் நிலைக்களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. விளையாட்டைச் செல்வத்தோடும் புலனறிவோடும் ஒரே வரிசையில் வைத்தார் ஆசிரியர். ஒரே ‘யே’ இளையோர்க்கு விளையாட்டால் உவகை தந்தது. முதியோர்க்கு எள்ளலால் நகை தந்தது. எள்ளல் நகையோடு நின்றிருந்தால் தீங்கில்லை. சில நாடுகளில் அது தண்டனையாக மாறியது.

சினந்த ஆட்சியாளர்

இந்தோனேசிய அதிபர் சுகார்னோ மேலை நாட்டு ஆட்டப் பாட்டை ‘ங்காக் ஙிக் ஙோக்’ என்று கேலி செய்தார். 1959-ஆம் ஆண்டு விடுதலை நாள் உரையிலேயே அச்சொல் வந்துவிட்டது. 1965-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், பீட்டில்ஸ் பாணியில் பாடிய குற்றத்துக்காகக் ‘கூஸ் பெர்சௌடாரா’ என்னும் உடன்பிறந்தார் குழு ஜகார்த்தாவில் சிறையிடப்பட்டது. மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 29-ஆம் நாள், விடுதலை கிடைத்தது. அவர்களோ சிறை வாழ்வையே பாட்டாக்கி 1967-இல் இசைத்தட்டில் வெளியிட்டனர். மலேசியாவும் இந்தோனேசியாவும் பகை பூண்டிருந்த ஆண்டுகள் அவை. மலாக்கா நீரிணையின் ஒரு கரையில் இளைஞர் ஆடிக் களித்த இசை, மறு கரையில் குற்றமாயிற்று.

கிழக்கு ஜெர்மனியிலும் இதுவே நிகழ்ந்தது. அந்நாட்டுத் தலைவர் வால்ட்டர் உல்பிரிஷ்ட் 1965-ஆம் ஆண்டு டிசம்பரில் கட்சிக் கூட்டத்தில் பேசுகையில் இதே ‘யே யே’ அசையைச் சுட்டி வெறுப்புரைத்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, லைப்ஸிக் நகரில் இசைக்குழுக்களின் தடையை எதிர்த்துக் கூடிய இளைஞர் பலர் கைது செய்யப்பட்டுப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணிக்கு அனுப்பப்பட்டனர். சுகார்னோவும் உல்பிரிஷ்டும் வெவ்வேறு உலகத்தவர். ஓர் அசை இருவரையும் ஒரே நிலையில் நிறுத்தியது. பொருளுள்ள சொல்லை ஆள்வோர் மறுத்துரைக்கலாம். பொருளற்ற ஒலியை எவ்வாறு மறுப்பது? அவர்கள் சினத்துக்கு இது ஒரு காரணம் போலும்.

ராம்லியின் துயர்

நம் நாட்டில் சிறையில்லை. ஆயினும் ஒரு கலைஞரின் துயர் உண்டு. பி. ராம்லி 1964-இல் வெளிவந்த ‘தீகா அப்துல்’ படத்தில் கித்தார் ஒலியையே பொருளாகக் கொண்ட துள்ளற் பாட்டு ஒன்றைத் தந்தவர். அதே ஆண்டில் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்துக்கு வந்தார். அங்கு எடுத்த படங்கள் முன்போல் வரவேற்புப் பெறவில்லை. இளைஞர் செவி குகிரான் பக்கம் திரும்பிவிட்டது. 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாட்டில் மரபிசையின் தரத்தை உயர்த்தும் வழிகள் பற்றி அவர் கட்டுரை படித்தார். 1973-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், 44-ஆம் அகவையில் மறைந்தார். இன்று அவரைப் போற்றாத மலேசியர் இலர்.

இளையோர் அவரை மறந்தது தவறு என்று முடிவு கூறுவது எளிது. ஆனால் நேர்மையுடன் நோக்கின், அவரும் தம் இளமையில் புதுமை இசையைத் தழுவியவரே. ஒரு தலைமுறையின் விளையாட்டு அடுத்த தலைமுறைக்கு மரபாகிறது. ‘பாப் யே யே’ இசைத்தட்டுகளை இன்று முதியோரே தேடிச் சேர்க்கின்றனர்.

தமிழர் பங்கு

தமிழர் இவ்வலையில் நனையாமல் நின்றாரல்லர். ‘சுசானா’ பாடப்பெற்ற 1964-ஆம் ஆண்டிலேயே ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வந்தது. வேலை நீக்கப்பட்ட இளைஞன் முதலாளியின் மாளிகைக்கு எதிரே கூடாரம் அடித்து, தோழருடன் பாடி ஆடி வேலை கேட்கும் காட்சிக்கு விசுவநாதனும் ராமமூர்த்தியும் துள்ளிசையே அமைத்தனர். 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் கண்ட நம் நாட்டுத் தமிழர்க்கு வேலை கேட்பது விளையாட்டன்று. அதனையும் விளையாட்டாக்கிக் காட்டிய பாட்டு அது. இலங்கையில் நித்தி கனகரத்தினம் தமிழ்த் துள்ளிசைக்குத் தனிப் பாதை வகுத்தார்.

பினாங்குத் தமிழரான டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் ‘அலிகேட்ஸ்’ குழுவைக் கொண்டு ஹாங்காங் வரை சென்று பாடிப் பின் மலாய்ப் பாட்டில் நிலைபெற்றனர். 2007-இல் லோகநாதன் மறைந்தபோது இனம் பாராமல் ரசிகர் வருந்தினர். 1970-களின் இறுதியில் ‘புளூஸ் கேங்’ என்னும் ராக் குழு, காஜாங்குக்குத் தெற்கே உள்ள நெகிரி செம்பிலானின் பேச்சு மலாயில் ‘அப்போ நாக் டிக்காத்தோ’ என்ற குறும்புப் பாட்டை வெளியிட்டது. என்ன சொல்வது என்பது அத்தலைப்பின் பொருள். ஏட்டு மொழி அன்று, வீட்டு மொழி; அதனாலேயே அக்குழுவின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் பாட்டாக அது நிற்கிறது.

அறிய வேண்டியது

பாட்டின் வரலாறு இயற்றியவரோடு முடிவதில்லை. கேட்டவர் செயலில் தொடர்கிறது. 1992-இல் அரசு ஒலிபரப்பில் நீள்முடி ராக் பாடகர்க்குத் தடை வந்தபோது, புகழ் பெற்ற பாடகர் தொலைக்காட்சியிலேயே முடி வெட்டிக்கொண்டதை நாடு கண்டது. முடியை அளந்தவர் மூத்தோர். பாட்டை அளந்தவர் இளையோர். முடி மீண்டும் வளர்ந்தது, பாட்டும் நின்றது.

மலேசியத் தமிழர் வரலாற்றில் கோயிலுக்கும் பள்ளிக்கும் சங்கத்துக்கும் ஏடுகள் உண்டு. தோட்டத்து இளைஞர் எப்பாட்டுக்கு ஆடினர், எவ்வானொலி நிகழ்ச்சிக்காகக் காத்திருந்தனர், முதல் கித்தாரை எவ்வாறு வாங்கினர் என்பதை எழுதி வைத்தவர் மிகச் சிலர். அத்தோட்டங்களுட் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அக்கால இளைஞர் எழுபதைக் கடந்துவிட்டனர். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இன்றே கேளுங்கள். துன்பத்தை மட்டுமே பதிந்து வைக்கும் இனம் தன்னைப் பாதியே அறியும். உவகையின் நிலைக்களங்களுள் விளையாட்டும் ஒன்று என்றவர் நம் ஆசிரியர். அதற்கும் ஓர் ஏடு தொடங்குவது நம் கடன்.