கழலையின் இயல்பை அறிந்த கதை



நம் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல் அமைந்திருப்பது தைராய்டுச் சுரப்பி. அதில் சிறு கழலைகள் தோன்றுவது அரிதன்று. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை, சிலவே புற்று. ஆனால் வெளுத்ததெல்லாம் பாலன்று என்பதுபோல, தோற்றத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. அப்பகுத்தறிவை மருத்துவ உலகம் பெற்ற வரலாற்றையே இன்று நான் கூறப் புகுகின்றேன்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் என்னும் அறுவை மருத்துவர் வாழ்ந்தார். உயிருக்கு உலை வைத்துவந்த தைராய்டு அறுவையை அச்சமற்ற சிகிச்சையாக ஆக்கியவர் அவர்; 1909இல் நோபல் பரிசும் பெற்றார். எனினும் 1883இல் அவரே ஓர் உண்மையை வெளியிட்டார். சுரப்பி முழுவதையும் இழந்தோர் நாளடைவில் உடல் வீங்கி, அறிவு மந்தமுற்று நலிந்தனர் என்பதே அது. தீங்கற்ற கழலைக்காகச் சுரப்பி முழுவதையும் நீக்குவதை அவர் கைவிட்டார். எதை வெட்டலாகாது என்ற அறிவும் கைத்திறனைப் போலவே இன்றியமையாதது என்பது அன்று விளங்கிற்று.

1950களில் ஸ்வீடன் மருத்துவர்கள் மெல்லிய ஊசியால் சில உயிரணுக்களை உறிஞ்சி, நுண்ணோக்கியில் ஆராயும் முறையை வளர்த்தனர். பலருக்கு விடை கிடைத்தது. ஆயினும் நூற்றுக்கு 15 முதல் 30 வரையிலான சோதனைகளில் ஐயம் நீங்கவில்லை. காரணம் என்ன? சிலவகைக் கழலைகள் தம் உறையை ஊடுருவியிருந்தால்தான் அவை புற்றாகும். ஊசியில் வரும் உதிரி உயிரணுக்களிலோ உறையைக் காண இயலாது. எனவே ஐயம் தீரச் சுரப்பியின் பாதியை அறுத்தெடுத்தனர். அது தீங்கற்றது என்று பின்னரே பெரும்பாலும் தெரியவந்தது. குரல் நரம்பு ஊறுபடும் அபாயமும், சிலருக்கு வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ணும் நிலையும் வீணே நேர்ந்தன.

இந்நிலையில் மரபணு ஆராய்ச்சி துணைவந்தது. பிராஃப் என்னும் மரபணுவின் ஒரு மாற்றம் பாப்பிலரி வகைத் தைராய்டுப் புற்றில் மிகுதியாகக் காணப்படுவதை 2003இல் அறிஞர் கண்டனர். அது காணப்பட்டால் புற்று என்றே பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் ராஸ் மரபணுக்களின் மாற்றமோ தீங்கற்ற கழலையிலும் உண்டு, புற்றிலும் உண்டு. ஆகவே ஒரே சாட்சியை நம்பாது பல மரபணுக்களையும் ஒருங்கே ஆராயும் முறை பிறந்தது.

2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஐயத்திற்குரிய 265 கழலைகளில் 85 புற்றாக இருந்தன. மரபணுச் சோதனை அவற்றுள் 78ஐச் சரியாகச் சுட்டியது, 7ஐத் தவறவிட்டது. எஞ்சிய 180இல் பாதியளவையே தீங்கற்றவை என்று தெளிவாகக் கூறிற்று. 2018இல் வந்த மேம்பட்ட சோதனை, தீங்கற்றவற்றுள் நூற்றுக்கு 68ஐ இனங்கண்டது.

ஆசிரியப் பணியில் ஆயுளைக் கழித்த எனக்கு இக்கணக்கு உவப்பளிக்கின்றது. வெற்றியோடு தோல்வியும் இதில் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கின்றது அன்றோ! புற்றைத் தவறவிடுதல் ஒரு பிழை. குற்றமற்ற உறுப்பை அறுத்தல் மற்றொரு பிழை. இரண்டையும் குறைக்க முயல்வதே மருத்துவம். மரபணு தருவது சான்று, தீர்ப்பு அன்று. மருத்துவர் பிற சான்றுகளையும் சீர்தூக்கி, நோயாளியோடு கலந்தே முடிவு செய்கின்றார். உங்களுள் நாளை மருத்துவராவோர் இதனை நெஞ்சில் இருத்துவீர்களாக.