ஜிங்கிசுக்கான்

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் செம்மறி இறைச்சியைச் சுட்டு உண்ணும் உணவு. மங்கோலியப் பேரரசர் செங்கிஸ்கானின் பெயரைக் கொண்டது. நடுவில் குமிழாக எழும்பிய இரும்புச் சட்டியின் உச்சியில் இறைச்சி வேகும். வழியும் கொழுப்பு விளிம்பிலுள்ள வெங்காயம், முட்டைக்கோசு, பயறு முளைகளில் இறங்கும். இதன் சுவையே அந்தக் கொழுப்பேறிய காய்களில்தான் இருக்கிறது.

செம்மறி ஜப்பானியரின் பழைய உணவன்று. 675இல் பேரரசர் தென்மு ஆண்டின் சில மாதங்களுக்கு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை விலக்கினார். அந்தப் பட்டியலில் ஆடே இல்லை. ஜப்பானில் அப்போது செம்மறி வளர்ப்பு வேரூன்றியிருக்கவில்லை. 1918இல் கம்பளித் தேவைக்காக அரசு செம்மறிகளைப் பெருக்கத் திட்டமிட்டது; ஹொக்கைடோவின் தகிகாவாவிலும் சப்போரோ அருகே ட்சுகிசாமுவிலும் பண்ணைகள் எழுந்தன. உடைக்காக வந்த விலங்கு இப்படித்தான் உணவாயிற்று. முதிர்ந்த ஆட்டின் வாடையை அடக்க, சோயா கலந்த சாற்றில் ஊறவைக்கும் முறை தகிகாவாவில் நிலைத்தது. சப்போரோவில் சுட்டபின் சாற்றில் தொட்டுக்கொள்வர்.

செயற்கை இழையும் இறக்குமதிக் கம்பளியும் உள்நாட்டு மந்தைகளைக் குறைத்துவிட்டன. இன்றைய இறைச்சி பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வருகிறது. ஹொக்கைடோவுக்கு வெளியே வாடைக்காகவே செம்மறியை ஒதுக்குவோர் உண்டு. தெற்கே குமமொத்தோவிலோ, தென்மு அன்று விலக்கிய குதிரை இறைச்சியைப் பச்சையாகவே மெல்லிதாகச் சீவி, சோயாச் சாறும் இஞ்சியும் சேர்த்து விரும்பி உண்கிறார்கள்.