ஒரு ராஜாவின் ஐந்தொகை

சிலைகள் வீழ்ந்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கயிற்றோடு நின்றுவிடுகிறார்கள். கயிறு கட்டி இழுத்தார்கள், ராஜா விழுந்தார், கூட்டம் ஆர்ப்பரித்தது, அத்தியாயம் முடிந்தது. விழுந்த உலோகம் என்ன ஆயிற்று என்பது அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறது. நியூயார்க்கில் 1776 ஜூலை 9ஆம் தேதி விழுந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலை விஷயத்தில் அந்த அடிக்குறிப்புதான் சரித்திரம் என்று எனக்குப் படுகிறது. காரணம், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

ஸ்டாம்ப் சட்டம் ரத்தானதற்கு நன்றியாக நியூயார்க் காலனி லண்டன் சிற்பி ஜோசப் வில்டனிடம் செய்வித்த சிலை அது. குதிரை மேல் ராஜா. ரோமாபுரியின் மார்க்கஸ் அரேலியஸ் சிலையின் சாயல். ஈயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசியது. 1770 ஆகஸ்டில் பௌலிங் கிரீன் என்ற இடத்தில் நிறுவினார்கள். முழுசாக ஆறு வருஷம் நிற்கவில்லை. சுதந்திரப் பிரகடனம் வாஷிங்டனின் படைகளுக்கு வாசிக்கப்பட்ட அன்றே சிப்பாய்களும் நகரத்தாரும் சேர்ந்து அதைச் சாய்த்தார்கள்.

அதே வில்டன் அதே 1770இல் அதே நகரத்துக்கு வில்லியம் பிட்டின் சிலை ஒன்றும் செய்துகொடுத்திருந்தார். அது சலவைக்கல். யுத்த காலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கள் பங்குக்கு அதன் தலையையும் கைகளையும் உடைத்தார்கள். கல் உடைந்தால் உடைந்த கல். மூளியாக இன்றும் மியூசியத்தில் இருக்கிறது. ஈயத்தின் குணம் வேறு. 327 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும்; விறகடுப்பு போதும். எந்த உருவத்தையும் ஏற்கும், எதையும் பிடித்துவைத்துக்கொள்ளாது. இந்தக் குணத்துக்காகவேதான் அச்சுக்கூடங்களும் அதை எடுத்துக்கொண்டன. 1970களில் நம் சிறுபத்திரிகைகள் கையால் அடுக்கி அச்சிடப்பட்டது இதே ஈயத்தோடு அன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த எழுத்துகளில்தான். குண்டு வார்ப்பதும் அச்சில், புத்தகம் போடுவதும் அச்சில் என்று தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது தற்செயலாகவே இருக்கட்டும்.

சிலை வீழ்ந்த காட்சிக்குப் படங்கள் உண்டு. ஆக்ஸ்பர்க் நகரத்து ஹாபர்மான் வெளியிட்ட செதுக்குப்படத்தில் ராஜாவுக்குக் குதிரையே இல்லை. தரையில் நிற்கும் மனிதரைப் போல் நிற்கிறார். 1850களில் யோஹான்னஸ் ஓர்ட்டல் வரைந்த ஓவியத்தில் பெண்கள், குழந்தைகள், ஓரத்தில் ஒரு செவ்விந்தியக் குடும்பம் எல்லாம் கூடியிருக்கிறார்கள். இரண்டு பேருமே சம்பவத்தைப் பார்த்தவர்களல்ல. பெண்களும் குழந்தைகளும் இந்தச் சரித்திரத்துக்குள் வந்தது உண்மை. ஆனால் அந்த மைதானத்தில் அல்ல, வேறோர் இடத்தில்.

அந்த இடம் கனெக்டிகட்டில் லிட்ச்ஃபீல்ட் என்ற ஊர். காங்கிரஸ் பிரதிநிதியும் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவருமான ஆலிவர் வால்காட்டின் வீட்டுக்குச் சிலையின் துண்டுகள் போய்ச் சேர்ந்தன. வீட்டை ஒட்டிய ஆப்பிள் தோட்டத்தில் கொட்டகை போட்டார்கள். வால்காட் விறகுக் கோடாலியால் ராஜாவை வெட்டிப்போட, பெண்கள் உருக்கிக் குண்டு வார்த்துத் தோட்டாவாகக் கட்டினார்கள். அவர்களுக்கு அது ஒரே கொண்டாட்டமாக இருந்தது. இப்படி நினைவுகூர்ந்தவர் அவருடைய மகன் ஃபிரெடரிக், நீதிபதியாகி வயசான பிறகு. அந்த 1776 ஜூலையில் அவருக்கு எட்டு வயசு.

கொண்டாட்டம் என்ற சொல்லை அப்படியே வாங்கிக்கொள்ள எனக்குத் தயக்கம். வேலையைப் பாருங்கள். இரும்புச் சட்டியில் ஈயம் உருக வேண்டும். மேலே மிதக்கும் கசடை வழித்தெடுக்க வேண்டும். இடுக்கி போன்ற அச்சில் கரண்டியால் ஊற்றி, ஆறியதும் திறந்து, குண்டின் தலையில் நிற்கும் காம்பை நறுக்க வேண்டும். பிறகு ஒரு கட்டையில் காகிதத்தைச் சுருட்டி, குண்டை அடியில் வைத்து நூலால் கட்டி, வெடிமருந்து அளந்து கொட்டி, வாயை மடிக்க வேண்டும். ஒரு தோட்டா ஆயிற்று. காகிதம் எந்தக் காகிதமானாலும் சரி. ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோபர் சாவர் 1776இல் அச்சிட்ட ஜெர்மன் பைபிளின் கட்டப்படாத தாள்கள் தோட்டா சுற்றவே போயின என்பார்கள். துப்பாக்கித் தக்கை பைபிள் என்ற பெயர் அந்தப் பதிப்புக்கு நிலைத்துவிட்டது.

இனி கணக்கு. வால்காட்டின் காகிதங்களில் அவர் கைப்பட எழுதிய சீட்டு ஒன்று இருந்தது. திருமதி மார்வின் 6,058. ரூத் மார்வின் 11,592. லாரா 8,378. மேரி ஆன் 10,790. ஃபிரெடரிக் 936. திருமதி பீச் 1,802. பல்வேறு நபர்கள் செய்தவை 2,182. அபாய அறிவிப்பின்போது லிட்ச்ஃபீல்ட் மிலிஷியாவுக்குக் கொடுத்தது 50. கர்னல் விக்கிள்ஸ்வொர்த் படைக்குக் கொடுத்தது 300. ஆகக் கூடுதல் 42,088.

பாங்க்கில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் முதலில் கூட்டிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு தோட்டா, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் ரூத் மார்வினின் பங்குக்கு 24 நாட்கள் வேண்டும். மேரி ஆன் வால்காட்டின் மகள். அந்த ஜூலையில் அவளுக்குப் பதினொரு வயசு. 10,790 தோட்டாக்கள் கொண்டாட்டத்தில் முடிகிற காரியமல்ல. 936 செய்த பையனுக்கு மட்டுமே அது விளையாட்டாக இருந்திருக்க முடியும். அவன்தான் பிற்பாடு பேசினான்.

சொந்தப் பிள்ளைகள் வெறும் பெயராகவும் மற்றவர்கள் மரியாதையோடும் எழுதப்பட்டிருக்கிறார்கள். 2,182 தோட்டாக்களின் சொந்தக்காரர்கள் 'பல்வேறு' என்ற தலைப்பின் கீழ் மறைந்துவிட்டார்கள். எங்கள் பேரேட்டிலும் அப்படி ஒரு தலைப்பு உண்டு. பெயர் வைக்க முடியாததையெல்லாம் அதில் போடுவோம்.

என்னை உறுத்துவது கடைசி இரண்டு பதிவுகள். கொடுத்தது செலவல்லவா? ஏன் கழிக்காமல் கூட்டியிருக்கிறார்? யோசித்தால் தர்க்கம் புரிகிறது. மேலே உள்ளவை கையிருப்பு. அந்த 350 முன்னமே வெளியே போய்விட்டவை. மொத்த உற்பத்திக்கு இரண்டையும் கூட்டத்தான் வேண்டும். ஆனால் கவனியுங்கள்: வீட்டில் இருக்கும்வரை தோட்டா அதைச் செய்தவளின் பெயரில் இருக்கிறது. வெளியே போனதும் வாங்கிய படையின் பெயருக்கு மாறிவிடுகிறது. அந்த 300இல் லாரா செய்தது எத்தனை என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. உழைப்பு சரித்திரத்துக்குள் நுழையும்போது பெயர் இழக்கும் இடம் அந்த ஒரு வரி.

சிலையின் எடை 4,000 ராத்தல் என்று அன்று சொன்னார்கள். ராத்தலுக்கு 15 முதல் 18 குண்டு என்றால் 42,088க்குச் சுமார் 2,800 ராத்தலுக்கு மேல் ஆகாது. மீதியில் ஒரு பகுதி வழியிலேயே போயிற்று. கனெக்டிகட்டில், சிற்பியின் பெயரையே கொண்ட வில்டன் என்ற ஊரில், ராஜ விசுவாசிகள் சில துண்டுகளைத் திருடிச் சதுப்பில் புதைத்தார்கள். 1871இல் குதிரையின் வால் கிடைத்தது. ராஜாவைக் காப்பாற்ற முயன்றவர்களுக்கு மிஞ்சியது அதுதான்.

நம் விமர்சனத்தில் பிம்ப உடைப்பு என்ற சொல் மலிந்துவிட்டது. உடைப்பது ஒரு மாலை நேரத்துக் காரியம். அதற்குக் கூட்டம் போதும், கயிறு போதும். அந்த வாரமே எபனேசர் ஹஸார்ட் என்பவர் தம் கடிதத்தில், ராஜாவின் துருப்புகள்மேல் ராஜாவையே உருக்கிச் சுடப் போகிறார்கள் என்று கேலி செய்தார். உடைத்தவர்கள் பக்கத்து வாக்கியம் அது, கூர்மையானது. அதை நிஜமாக்கியவர்கள் வாக்கியம் எதுவும் விட்டுப்போகவில்லை, அவர்களுக்கு எண்கள்தான். அந்த எண்களும் பாதிக் கணக்கே. வரவு இருக்கிறது, எந்தத் தோட்டா எவன் உடம்பில் தீர்ந்தது என்ற பத்தி சீட்டில் கிடையாது. பதினொரு வயசுப் பெண்ணின் பெயருக்கு நேரே அந்தப் பத்தியையும் எழுத நேர்ந்திருந்தால், வால்காட் இவ்வளவு நேர்த்தியாகக் கூட்டல் போட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.